கலத்தை எண்ணிய அரசு: உயிரித்திரள் கொதிகலன் மானியங்களின் வரலாறு குறித்துச் சில குறிப்புகள்

சற்று நீண்ட பதிவு. எரிசக்தி வரலாற்றிலும் பொதுநிதி வரலாற்றிலும் ஈடுபாடுள்ள மாணவர்கள் பொறுமையுடன் வாசிக்க வேண்டுகிறேன்.

மைசூரு அக்ரஹாரத்தில், நூற்றொன்று கணபதி கோயிலுக்கு அருகில் நான் குடியிருக்கும் பழைய வீட்டின் பின்கட்டில் ஒரு குளியலறை உள்ளது. செங்கல்லும் மண்ணும் கொண்டு எழுப்பிய அடுப்பின்மீது, கழுத்துவரை சாந்தில் புதைந்த செப்புக் கொப்பரை ஒன்று அங்கே அமர்ந்திருக்கிறது. கன்னடத்தில் அதற்கு ஹண்டே என்று பெயர். தீபாவளிக்கு முந்தைய மாலையில் அதைப் புளியிட்டுத் துலக்கி, சுண்ணாம்பும் செம்மண்ணும் பூசி, நீர் நிரப்புவது இந்நகரத்தில் தனியொரு பண்டிகை. நீரு தும்புவ ஹப்ப என்பார்கள். வீட்டுக்கார மாமி தமிழில் பேசும்போது மட்டும் அதைப் ‘பாய்லர்’ என்கிறார். தென்னை மட்டையும் சிரட்டையும் விறகும் தின்று வெந்நீர் தரும் கலம் என்பதால், உயிரித்திரளை எரிக்கும் கொதிகலன் என்று ஆய்வுமொழியில் அதைச் சொல்லிவிடலாம்போலத் தோன்றும்.

சட்டம் ஒப்புக்கொள்ளாது. 1923ஆம் ஆண்டின் இந்தியக் கொதிகலன் சட்டப்படி, மூடிய கலமாக இருக்கவேண்டும். ஐந்து காலனுக்கு மேற்பட்ட கொள்ளளவு வேண்டும். அழுத்தத்தில் நீராவி உண்டாக்குவதற்கென்றே பயன்படவேண்டும். ஹண்டே திறந்த வாயுடையது. ஆதலால் அது ஆய்வாளரின் பார்வைக்கு வெளியே நின்றது. நம் நாட்டில் அரசுக்கும் கொதிகலனுக்கும் ஏற்பட்ட முதல் உறவு அச்சத்தின் உறவு என்பதை இச்சட்டம் காட்டுகிறது. வெடித்தால் உயிர் போகும். ஆகவே பதிவெண், சான்றிதழ், ஆண்டுச் சோதனை. 2025இல் புதிய கொதிகலன் சட்டம் அதன் இடத்துக்கு வந்தபோதும் இந்த அடிப்படை மாறவில்லை. கொதிகலன் வைத்துக்கொள்வோருக்கு அரசே பணம் கொடுக்கும் என்ற எண்ணம் மிகப் பிற்பட்டது. அவ்வெண்ணம் எப்படி வந்தது, எதற்குப் பணம் கொடுத்தது, கொடுத்த பணம் எங்கே போய்ச் சேர்ந்தது என்பவையே இப்பதிவின் வினாக்கள்.

மானியம் என்ற சொல் இல்லாமலே மானியம் இருந்த காலம் ஒன்றும் உண்டு. மைசூர் சமஸ்தானம் பத்ராவதியில் நிறுவிய இரும்பாலையில் 1923இல் உற்பத்தி தொடங்கியது. அதன் உலை நிலக்கரியில் எரியவில்லை, மரக்கரியில் எரிந்தது. மரத்தை வடித்து வேதிப்பொருள் எடுக்கும் பிரிவும் ஆலையின் ஓர் அங்கம். முதற்பெயரிலேயே மரவடிப்பு என்ற சொல் இருந்தது. நிலக்கரி கிடைக்காத ஒரு சமஸ்தானம், தனக்கிருந்த காட்டையே எரிபொருளாக்கி இரும்பு செய்ய முனைந்தது. விஸ்வேஸ்வரய்யா அதற்கு முன்னின்றார். அரசுக் காடு, அரசு ஆலை, அரசுக் கணக்கு. ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாறிய விறகுக்கு உண்மையான விலை என்ன என்பது அந்த ஏற்பாட்டிலேயே மங்கிவிடும். எரிபொருளின் விலையை மறைத்து எந்திரத்தைக் காட்டும் இப்பழக்கத்தைப் பின்னரும் சந்திப்போம்.

இன்றைய பொருளில் ஊக்கத்தொகை என்பது 1973இன் எண்ணெய் நெருக்கடிக்குப் பின் உருவானது. 1974இல் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் அமுல்ய ரெட்டியின் முயற்சியால் அஸ்திரா என்ற கிராமத் தொழில்நுட்ப மையம் தோன்றியது. தும்கூரு மாவட்டத்துப் புரா என்ற சிற்றூரில் அவர்கள் எரிசக்திக் கணக்கெடுத்தார்கள். ஊரின் எரிசக்தியில் மிகப்பெரும் பங்கு விறகு. அதில் பெரும்பகுதி சமையலுக்கு, அதற்கடுத்த நிலையில் குளியல்நீருக்கு. மின்சாரமும் மண்ணெண்ணெயும் ஓரத்தில் நின்றன. தேசியத் திட்ட ஆவணங்கள் அணையையும் அனல்மின் நிலையத்தையும் பற்றிப் பேசிக்கொண்டிருந்த நாளில், நாட்டின் முதன்மையான எரிசக்தி பெண்களின் தலையில் சுமையாக வந்துகொண்டிருந்தது என்பதை அவ்வாய்வு எண்ணால் நிறுவியது. என் பார்வையில், பிற்கால மானியங்கள் அனைத்தையும்விட மேலான பணி அது. அவர்கள் நெருப்பை எண்ணினார்கள்.

அரசு எண்ணியது வேறு. மரபுசாரா எரிசக்தித் துறை 1982இல் அமைந்தது; அடுத்த ஆண்டில் மேம்படுத்தப்பட்ட அடுப்புகளுக்கான தேசியத் திட்டம் தொடங்கியது. கர்நாடகத்தில் அஸ்திரா ஒலெ என்ற மூன்று கண் அடுப்பும், பின்னர் சரளெ ஒலெ என்ற எளிய வடிவமும் இத்திட்டத்தின் வழியே வீடுகளுக்குப் போயின. அடுப்பின் விலையில் பாதிக்குக் குறையாமல் மானியம். கட்டித்தரும் பயிற்சி பெற்ற தொழிலாளிக்கு அடுப்பொன்றுக்கு இவ்வளவு என்று கூலி. மாநிலங்களுக்கு ஆண்டுதோறும் இலக்கு. 2002இல் மத்திய அரசு இத்திட்டத்தை முடித்தபோது, நாடு முழுவதும் 3 கோடிக்கு மேற்பட்ட அடுப்புகள் நிறுவப்பட்டதாகக் கணக்கு இருந்தது. எத்தனை அடுப்புகள் எரிந்துகொண்டிருந்தன என்பதற்கு அத்தகைய ஒரு கணக்கு அன்றாட நிர்வாகத்தில் இல்லை. புகைபோக்கியில் கரி அடைத்தால் யார் துலக்குவது? அடுப்பின் வாய் உடைந்தால் யார் சீர் செய்வது? கூலி கட்டுவதற்குத்தானே! அவ்வப்போது நடந்த மதிப்பீடுகள், கணிசமான அடுப்புகள் சில ஆண்டுகளில் பழுதுபட்டோ கைவிடப்பட்டோ போயின என்று சொல்லின. வடிவமைப்பில் குறை என்று சிலரும், மக்களின் அறியாமை என்று சிலரும் எழுதினார்கள். இரண்டாவது விளக்கத்தை நான் ஏற்பதில்லை. எதற்குப் பணம் கிடைக்குமோ அது நடந்தது, அடுப்பு கட்டப்பட்டது.

இதைவிடத் தெளிவான ஓர் எடுத்துக்காட்டு 1987இல் தொடங்கிய வாயுவாக்கித் திட்டத்தில் கிடைக்கிறது. வாயுவாக்கி என்பது, விறகைப் போதிய காற்றில்லாமல் அரைகுறையாக எரித்து, எரியத்தக்க வாயுவாக மாற்றும் கலம். அவ்வாயுவை டீசல் எஞ்சினுக்குள் செலுத்தினால் டீசலில் பெரும்பங்கை மிச்சம் பிடிக்கலாம். உழவர்களின் இறைவைக்கு 5, 10 குதிரைத்திறன் தொகுப்புகளுக்கு அரசு தாராளமாக மானியம் தந்தது. தொகுப்பு என்றால் வாயுவாக்கி, எஞ்சின், பம்பு மூன்றும் சேர்ந்தது. பலர் அதை வாங்கினார்கள். வாங்கியபின் வாயுவாக்கியை ஓரமாக வைத்துவிட்டு, குறைந்த விலைக்குக் கிடைத்த எஞ்சினை முழு டீசலிலேயே ஓட்டினார்கள். இதை ஏமாற்று என்று எழுதுவோரும் உண்டு. விறகை விரலளவு துண்டுகளாக வெட்டி, உலர்த்தி, தார் படிந்த வடிகட்டியை நாள்தோறும் துலக்கவேண்டிய ஒரு கலத்தையும், சாவியைத் திருப்பினால் ஓடும் எஞ்சினையும் ஒரே உழவரிடம் கொடுத்தால் அவர் எதைத் தேர்வார் என்பதற்கு ஆராய்ச்சி தேவையில்லை. அரசின் பதிவேட்டிலோ அவையனைத்தும் நிறுவப்பட்ட வாயுவாக்கிகள்.

எதிர்நிலையில் வைக்கத்தக்க ஒரு சிற்றூரும் கர்நாடகத்திலேயே உள்ளது. குணிகல் வட்டத்து ஹொசஹள்ளியில் 1988இல் 3.7 கிலோவாட் அளவிலான வாயுவாக்கி ஒன்றை அறிவியல் கழகத்தார் அமைத்தார்கள். பின்னர் அதை 20 கிலோவாட்டாக உயர்த்தினார்கள். விளக்கு, குடிநீர், மாவரைத்தல் ஆகியவை அதிலிருந்து நடந்தன. விறகுக்கு ஊரிலேயே தோப்பு வைத்தார்கள். ஆண்டுக்கணக்கில் அது ஓடியது. ஆனால் அது மானியத்தால் மட்டும் நின்ற ஏற்பாடு என்று சொல்ல இயலாது. ஓர் ஆய்வுநிறுவனம் விடாமல் உடன்நின்ற ஏற்பாடு. அதைப் பிற ஊர்களுக்குப் பெருக்கும் வழியை எந்த உதவித்தொகையும் கண்டுபிடிக்கவில்லை.

இனி மைசூருக்கே உரிய தொழிலுக்கு வருகிறேன். இங்கேதான் எனக்கு இவ்வரலாற்றின் முடிச்சு அவிழ்ந்தது.

1912இல் நால்வடி கிருஷ்ணராஜ உடையார் மைசூரில் பட்டு நெசவாலையை நிறுவினார். திருமகூடலு நரசீபுரத்தில் அரசு நூற்பாலை உள்ளது. 1961 முதல் மத்தியப் பட்டு ஆராய்ச்சி, பயிற்சி நிறுவனம் இந்நகரத்தில் இயங்குகிறது. பட்டுச் சேலையைப் பார்ப்போர் தறியை நினைப்பர். தறிக்கு முன்னால் ஒரு கொதிநீர்த் தொட்டி உள்ளது. பட்டுக்கூட்டின் இழைகளைச் செரிசின் என்ற பசை ஒட்டிவைத்திருக்கிறது. கூட்டைக் கொதிநீரில் வேகவைத்துப் பசையை நெகிழ்த்தினால்தான் இழையின் நுனி கைக்கு வரும். ராமநகரம், சித்லகட்டா போன்ற ஊர்களில் சிறு நூற்புக் கூடங்கள் பரம்பரையாக விறகடுப்பின்மேல் தொட்டியை வைத்து இதைச் செய்துவந்தன. புகைக்கூண்டு இல்லாத அறையில், கொதிநீரில் விரல்களை விட்டு விட்டு எடுத்து, நாளெல்லாம் வேலை. நூற்பவரின் விரல்தோல் வெந்து வெளுத்திருக்கும். கண்ணெரிச்சலும் இருமலும் அத்தொழிலின் வழக்கமான துணைகள்.

நெருப்பு சீராக இல்லாவிட்டால் என்ன ஆகும்? நீர் மிகச் சூடானால் கூடு குழைந்து இழை அறும்; சூடு போதாவிட்டால் பசை நெகிழாமல் இழை இறுகி அறும். இரண்டிலும் பட்டு கழிவாகப் போகும். ஒரு கிலோ கச்சாப் பட்டுக்கு எத்தனை கிலோ கூடு செலவாகிறது என்பதை ரெண்டிட்டா என்ற சொல்லால் இத்தொழிலில் குறிப்பார்கள். நூற்புக் கூடத்துக்காரரின் இலாபமும் நட்டமும் அந்த எண்ணில்தான் இருக்கின்றன. செலவில் பெரும்பங்கு கூட்டின் விலை. விறகின் பங்கு அதனோடு ஒப்பிடச் சிறிது.

1990களின் நடுவில் டெரி என்ற எரிசக்தி ஆய்வு நிறுவனம், சுவிட்சர்லாந்து அரசின் வளர்ச்சி ஒத்துழைப்பு முகமையின் நிதியுதவியுடன், கர்நாடகத்தின் நூற்புக் கூடங்களுக்கென வாயுவாக்கி அடுப்பை உருவாக்கியது. பெங்களூரின் டைட் என்ற தன்னார்வ நிறுவனம் விறகு குறைவாகத் தின்னும் நூற்பு அடுப்புகளைப் பரப்பியது. வாயுவாக்கி அடுப்பில் விறகுச் செலவு பாதிக்கும் கீழே இறங்கியது என்று சோதனைகள் காட்டின. நிதி கொடுத்தவர்களின் அறிக்கைகளில் தலைப்பாக வருவது இதுதான்: மிச்சமான விறகு, தவிர்க்கப்பட்ட கரிவாயு. நூற்பவர்களுக்கு முதன்மையானது இன்னொன்று. வாயுவின் சுடரைத் திருகியால் கூட்டலாம், குறைக்கலாம். ஆகவே நீரின் சூடு நிலையாக நின்றது. ஆகவே அதே கூட்டிலிருந்து சற்றுக் கூடுதலான பட்டு வந்தது. விறகில் பாதி மிச்சம் என்பதைவிடப் பட்டில் சில நூற்றுமேனி கூடுதல் என்பதே அவர்களின் கணக்கில் பெரிய தொகை.

மானியத்தின் வரலாற்றை எழுதுவோர் இந்த இடத்தில் நின்று யோசிக்கவேண்டும் என்பது என் கருத்து. உழவரிடம் ஓரங்கட்டப்பட்ட அதே வகைக் கலம் நூற்பவரிடம் எரிந்தது. ஒருவர் அறிவாளி, மற்றவர் பழமைவாதி என்று இதை விளக்கமுடியாது. நெருப்பின் தரம் ஒருவரின் விற்பனைச் சரக்கில் நேரடியாகப் பதிந்தது. மற்றவரின் வயலுக்குப் போன தண்ணீரில் அது பதியவில்லை. மத்தியப் பட்டு வாரியமும் மாநிலத் துறைகளும் பிற்காலத்தில் வழங்கிய எந்திர உதவித்தொகைகளால் பலமுனை நூற்பு எந்திரங்கள் பெருகின. அவற்றுக்கு நீராவி தேவை என்பதால் கொதிகலன்களும் உடன்வந்தன. அங்கும் விண்ணப்பத்தில் கேட்கப்படுவது எந்திரத்தின் விலைப்பட்டியல். அறையின் புகையைப் பற்றி ஒரு கட்டமும் இருப்பதாக நான் கண்டதில்லை.

சர்க்கரை ஆலைகளின் கதை இதனினும் செல்வாக்கானது. 1933இல் அமைந்த மண்டியா சர்க்கரை ஆலை முதல், தென்னகத்தின் ஆலைகள் அனைத்தும் கரும்புச் சக்கையை எரித்தே நீராவி எடுத்தன. ஆனால் அவற்றின் பழைய கொதிகலன்கள் வேண்டுமென்றே திறன் குறைந்தவை. மலைபோல் குவியும் சக்கையை என்ன செய்வது என்பதுதான் அன்றைய சிக்கல். ஆகவே ஏறத்தாழ 21 பார் அழுத்தத்தில், எவ்வளவு எரித்தாலும் நன்று என்ற கருத்தில் கலம் அமைத்தார்கள். அழுத்தத்தை உயர்த்தினால் அதே சக்கையிலிருந்து ஆலைக்கும் போக மிச்ச மின்சாரம் கிடைக்கும். 1990களில் மரபுசாரா எரிசக்தி அமைச்சகம் இணைமின் உற்பத்தித் திட்டத்தைத் தொடங்கியபோது இந்த இயற்பியலை மானியத்துக்குள்ளேயே எழுதியது. பின்னாளில் கூட்டுறவு, பொதுத்துறை ஆலைகளுக்கு வகுத்த விகிதம் இதற்குச் சான்று: 40 பார் கொதிகலனுக்கு உபரி மின்சாரத்தின் ஒவ்வொரு மெகாவாட்டுக்கும் 40 லட்சம், 60 பாருக்கு 50 லட்சம், 80 பாருக்கு 60 லட்சம். கலத்துக்குத்தான் பணம் என்றாலும், நல்ல கலத்துக்குக் கூடுதல் பணம். அதைவிட முக்கியமாக, ஆலையின் வாயிலில் ஒரு மீட்டர் இருந்தது. மின்சாரம் வெளியே போனால்தான் மாதந்தோறும் வருமானம். தமிழ்நாடும் கர்நாடகமும் இத்துறையில் முன்னணிக்கு வந்ததற்கு மானியத்தைவிட அந்த மீட்டரே காரணம் என்று நினைக்கிறேன்.

வருமானவரிச் சலுகையை இங்கே மறக்கலாகாது. பாய்மப்படுகைக் கொதிகலன்களும் கழிவிலிருந்து எரிசக்தி எடுக்கும் கருவிகளும் முதலாண்டிலேயே 100 விழுக்காடு தேய்மானம் கழித்துக்கொள்ளத் தக்கவையாக இருந்தன. 2002-03 முதல் அது 80 விழுக்காடாகவும், 2017 ஏப்ரல் முதல் 40 விழுக்காடாகவும் குறைந்தது. வரி கட்டும் அளவுக்கு இலாபம் உள்ள நிறுவனத்துக்கே இச்சலுகை பொருள்படும். ராமநகரத்து நூற்புக் கூடத்துக்கு இது எட்டாத கனி. நாட்டின் மிகப் பெரிய கொதிகலன் மானியம் மானியம் என்ற பெயரையே சூடிக்கொள்ளவில்லை என்பது பொதுநிதி மாணவர்கள் கவனிக்கத்தக்கது.

கலத்துக்குக் கொடுப்பதை விட்டு நெருப்புக்கே கொடுத்தால் என்ன என்று கேட்கலாம். மாணவர் ஒருவர் வகுப்பில் கேட்கவும் செய்தார். அயர்லாந்தின் வடபகுதியில் அதைத்தான் செய்தார்கள். பிரிட்டன் 2011இல் தொடங்கிய புதுப்பிக்கத்தக்க வெப்ப ஊக்கத்தொகையில், கொதிகலன் உண்டாக்கும் வெப்பத்தை மீட்டர் வைத்து அளந்து அலகுக்கு இவ்வளவு என்று 20 ஆண்டுகள் தருவதாக ஏற்பாடு. ஆண்டில் முதல் 1,314 மணி நேர அளவுக்கு உயர்ந்த விகிதம், அதன்பின் மிகக் குறைந்த விகிதம். 2012 நவம்பரில் வடக்கு அயர்லாந்து இதை எடுத்துக்கொண்டபோது அந்தப் படிநிலையை விட்டுவிட்டது. மரத்துகள் குளிகையின் விலையைவிட ஊக்கத்தொகை அதிகம்; உச்சவரம்போ இல்லை. எரிக்க எரிக்க இலாபம். ஆளில்லாக் கொட்டகைகளைச் சூடேற்றுகிறார்கள் என்ற பேச்சு எழுந்தது; சாம்பலுக்குக் காசு என்று மக்கள் அதற்குப் பெயரிட்டார்கள். 2016 பிப்ரவரியில் புதிய விண்ணப்பங்களுக்குக் கதவை மூடினார்கள். 2017 ஜனவரியில் துணை முதலமைச்சர் மார்ட்டின் மெக்கின்னஸ் பதவி விலகினார். அப்பகுதியின் ஆட்சி மூன்றாண்டுகள் முடங்கியது. நீதியரசர் பாட்ரிக் காக்லின் தலைமையிலான விசாரணை 2020 மார்ச்சில் வெளியிட்ட அறிக்கை, இதில் ஊழலைவிடத் திறமையின்மையே மேலோங்கியிருந்தது என்றது. ஒரு வரியை நீக்கியதால் ஓர் அரசு கவிழ்ந்த வரலாறு கொதிகலனுக்கு உண்டு!

இந்தியாவில் இத்தகைய ஊழல் நடக்கவில்லை என்பதில் பெருமைப்பட ஒன்றுமில்லை. வெப்பத்தை அளக்கும் மீட்டரையே நாம் வைக்கவில்லை. அளந்து பணம் கொடுத்த ஏற்பாடுகள் நம்மிடம் மின்சாரத்தைச் சுற்றியே அமைந்தன. மைசூரிலிருந்து தொலைவில்லாத மளவள்ளியில் கரும்புச் சோகையையும் தென்னைக் கழிவையும் எரிக்கும் 4.5 மெகாவாட் நிலையம் 2001 முதல் இயங்கியது. கியோட்டோ ஒப்பந்தத்தின் தூய வளர்ச்சி முறைமையிலும் அது பதிவுபெற்றது. அங்கும் எண்ணப்பட்டது யூனிட்.

2022 நவம்பரில் அறிவித்த தேசிய உயிரி எரிசக்தித் திட்டத்தை இவ்வரிசையில் வைத்து வாசிக்கலாம். குளிகை, கட்டி எரிபொருள் ஆலைகளுக்கு மணிக்கு ஒரு டன் திறனுக்கு 9 லட்சம் ரூபாய். சக்கை அல்லாத பிற உயிரித்திரளில் இயங்கும் இணைமின் நிலையங்களுக்கு மெகாவாட்டுக்கு 40 லட்சம். வெப்பப் பயன்பாட்டுக்கான வாயுவாக்கிக்கு 300 கிலோவாட் வெப்பத்திறனுக்கு 2 லட்சம். மின்திறனையும் வெப்பத்திறனையும் நேருக்குநேர் ஒப்பிடக்கூடாது என்பதை அறிவேன்; ஒரு மெகாவாட் மின்சாரத்துக்குப் பன்மடங்கு வெப்பம் செலவாகும். எனினும் நீராவியை மட்டும் உண்டாக்கும் கொதிகலனுக்கு இப்பட்டியலில் இடமில்லை. சாயப்பட்டறை, நெல் அவிக்கும் ஆலை, தேயிலை உலர்த்தும் கூடம், பட்டுத் தொட்டி ஆகிய அனைத்துக்கும் தேவை நீராவியோ வெந்நீரோ சூடான காற்றோதான். மீட்டர் இல்லாத எரிசக்தி கோப்பில் ஏறுவதில்லை. தொகையை, ஆலை இயங்கத் தொடங்கிச் செயல்திறன் ஆய்வு முடிந்தபின் கொடுக்கும் விதி இதில் உள்ளது. 1987இலிருந்து கற்ற பாடம் அந்த அளவில் ஏட்டில் ஏறியிருக்கிறது.

எங்கள் வீட்டு ஹண்டேக்கு எந்தக் காலத்திலும் மானியம் கிடைத்ததில்லை. கூரைமேல் சூரிய வெந்நீர்க் கருவி வந்தபின் அதன் வேலை தீபாவளியோடு சுருங்கிவிட்டது. மின்கட்டணச் சீட்டில் அக்கருவிக்காக யூனிட்டுக்கு 50 பைசா, மாதம் 50 ரூபாய்க்கு மிகாமல், கழிவு தரும் வழக்கம் கர்நாடகத்தில் உண்டு. கருவி வேலை செய்கிறதா என்று கேட்க ஒருவரும் வந்ததில்லை என்கிறார் மாமி.

இறுதியாக ஒரு வேண்டுகோள். அரசு ஆவணங்களில் எத்தனை கலங்கள் நிறுவப்பட்டன என்பது கிடைக்கிறது. எவ்வளவு விறகு எரிந்தது என்பது கிடைப்பதில்லை. அது நூற்புக் கூடத்துக்காரர்களின் சிட்டைகளில்தான் இருக்கும்: இத்தனை வண்டி விறகு, இத்தனை கிலோ கூடு, இத்தனை கிலோ பட்டு. 1985க்கும் 2005க்கும் இடைப்பட்ட அத்தகைய கணக்கு நோட்டுகள், கன்னடத்திலோ உருதுவிலோ தெலுங்கிலோ தமிழிலோ, உங்கள் குடும்பத்தாரிடமோ தெரிந்தவரிடமோ இருந்தால் உள்பெட்டியில் எழுதுங்கள். நேரில் வந்து, அங்கேயே அமர்ந்து படியெடுத்துக்கொள்கிறேன். நோட்டு வீட்டைவிட்டு வெளியே வரவேண்டியதில்லை.